சூட்டின், ஷகால், லா ரூஷ்: பசி வரைஞ்ச படங்களா இதெல்லாம்?

கேள்வி | 7 ஜனவரி, மாலை 6.30

பாரீஸ் நவீன ஓவியம்னு நாம கொண்டாடுறதுல பெரிய பங்கு வெளியிலேர்ந்து வந்த யூதர்களோடது. ஷகால், சூட்டின், மோடிக்லியானி, பாஸ்கின், கிஸ்லிங், லிப்ஷிட்ஸ், ஸாட்கின்னு பட்டியல் போயிட்டே இருக்கு. வறுமை, விரட்டல், பசி, இதுதான் அந்தப் படங்களுக்குள்ள இருக்கிற சரக்கு. யூத பாணின்னா அதுதான், ஐரோப்பா எடுத்துக்கிட்டதும் அதைத்தான். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

7 ஜனவரி, இரவு 11.10

மறுக்கல தம்பி. முக்காவாசி ஒத்துக்கிறேன், மிச்சம் கால்வாசிய எழுதித்தான் பாக்கணும்.

பாரீஸ்ல பதினஞ்சாவது வட்டாரத்துல பசாஜ் தெ டான்ட்ஸிக்னு ஒரு சந்து, அதுல லா ரூஷ்னு ஒரு கட்டடம். தேன்கூடுன்னு அர்த்தம். ஈஃபில் கட்டினது. நடுவுல மாடிப்படி, அதைச் சுத்தி வட்டமான கேக்கை வெட்டி வச்ச மாதிரி குறுகிக் குறுகிப் போற ரூமுங்க, குடியிருந்தவங்களே அதை சவப்பெட்டின்னுதான் சொல்லிக்கிட்டாங்க. வாடகை ரொம்பக் கம்மி, கொடுக்கலேன்னாலும் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்றது இல்ல. ஷகால் 1912 வாக்குல அங்க போனார், சூட்டின் 1913ல பாரீஸ் வந்து அங்கதான் ஒண்டினார், வில்னா ஓவியப் பள்ளியில கூடப் படிச்ச கிகோயினும் க்ரெமேனும் அங்கதான் இருந்தாங்க. ஷகால் தன் வாழ்க்கையப் பத்தி எழுதினதுல ஒரு மீன வாங்கி இன்னைக்குத் தலை, நாளைக்கு வால்னு ஓட்டினதா சொல்றார். கான்வாஸுக்குக் காசில்லாம மேசைவிரிப்பு, படுக்கைவிரிப்பு, கிழிச்ச நைட் சட்டைன்னு கைக்குக் கிடைச்சதுல எல்லாம் வரைஞ்சிருக்கார்.

பக்கத்துலயே வோழிரார் கசாப்புக் கூடம். ராத்திரியில மாடு கத்துறது ரூமுக்குள்ள கேக்கும்.

2018ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப தேடிப் பிடிச்சுப் போனேன். கேட்டு பூட்டியிருந்துச்சு, இன்னைக்கும் உள்ள ஓவியர்கள் வேலை செய்றாங்களாம், கண்டவனையும் விட மாட்டாங்க. கம்பி வழியா எட்டிப் பாத்துட்டு வந்தேன். கசாப்புக் கூடம் இப்ப பார்க், வாசல்ல ஒரு வெண்கலக் காளை மட்டும் பழைய ஞாபகத்துக்கு நிக்குது. பசியில இருக்கிறவனுக்குப் பக்கத்துலயே இவ்வளவு கறி. சூட்டின் மாட்டுச் சடலத்த வரையாம வேற எதை வரைவார், அப்படின்னு அன்னைக்குத் தோணுச்சு.

8 ஜனவரி, காலை 6.45

ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஈஃபில் கட்டினதுன்னு எழுதிட்டேன். முழுசா தப்பு இல்ல, ஆனா தப்பு. 1900 உலகக் கண்காட்சியில ஒயினுக்குன்னு ஒரு மண்டபம் போட்டாங்க, இரும்பு வேலை ஈஃபில் கம்பெனி பக்கம். கண்காட்சி முடிஞ்சு பிரிச்சதை ஆல்ஃப்ரெட் பூஷேன்னு ஒரு சிற்பி விலைக்கு வாங்கி இங்க கொண்டுவந்து நிறுத்தி 1902ல ஸ்டுடியோவா தொறந்தார். நம்ம ஊர்ல பொருட்காட்சிப் பந்தல வாங்கி வீடு கட்டிக்கிட்ட மாதிரி. பேரு ஈஃபிலுக்கு, வாடகை பாக்கி பூஷேக்கு.

8 ஜனவரி, இரவு 10.20

சூட்டின்ல எது அப்படிப் பிடிச்சுப்போச்சுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சிவப்பு.

நான் ஆஃப்செட் பிரஸ்ல பத்தொன்பது வருஷம் கலர் ப்ரூஃப் பாத்த ஆள், லென்ஸ வச்சு டாட் பாத்துப் பாத்தே கண்ணாடி போட்டவன். திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல அட்டை கிழிஞ்ச ஒரு ஓவியப் புத்தகம் கிடைச்சுது, அதுல சூட்டினோட மாடு இருந்துச்சு, கரு ரத்தம் காஞ்ச மாதிரி பழுப்பா. என்னடா இந்த ஆளு சேறு பூசியிருக்கார்னு மூடி வச்சுட்டேன். ரொம்ப வருஷம் சூட்டின்னா எனக்கு அந்தப் பழுப்புதான்.

பாரீஸ்ல ஓரான்ஜெரி மியூசியத்துல மேல மோனேயோட அல்லிக்குளம், கூட்டம் அங்கயே செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடும். கீழ இறங்கினா சூட்டினுக்கு மட்டும் 22 படம் இருக்கு, நான் போன அன்னைக்கு என்னையும் காவலாளியையும் தவிர யாரும் இல்ல. தேவாலயத்துல பூசைக்கு உதவி செய்ற ஒரு பையன், மேல வெள்ளைச் சட்டை, கீழ சிவப்பு அங்கி. அந்தச் சிவப்ப அச்சு மெஷின்ல நாலு கலர் மையில அடிக்கவே முடியாதுங்க. மெஜந்தாவும் யெல்லோவும் முழுசா ஏத்தினாலும் தட்டையாத்தான் நிக்கும். இது ஒரு சிவப்பு கிடையாது, ஈரமா இருக்கறப்பவே ஒண்ணு மேல ஒண்ணு இழுத்த பத்துப் பதினஞ்சு சிவப்பு. வெள்ளைச் சட்டையில வெள்ளையவே காணோம், நீலம், பச்சை, அழுக்கு மஞ்சள். ஒரு யூதக் கிராமத்துப் பையன் கத்தோலிக்கப் பையனுக்கு இத்தனை பெயிண்ட் செலவு பண்ணியிருக்கானேன்னு நின்னுட்டே இருந்தேன். கால் வலி எடுத்து தங்கச்சி போன் பண்ணினப்பதான் மணி பாத்தேன்.

10 ஜனவரி, மதியம் 2.05

யூத மதத்துல உருவம் வரையவே கூடாது, அதனால இவங்க படமே பாக்காம வளந்தாங்க, பாரீஸ் வந்து காஞ்ச மாடு கம்பங்கொல்லையில பாஞ்ச மாதிரி பாஞ்சாங்கன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். நானும் அதைத்தான் நம்பிட்டு இருந்தேன். சூட்டின் பத்தி ஒரு பிரபலமான கதை வேற இருக்கு: மின்ஸ்க் பக்கம் ஸ்மிலோவிச்சி கிராமம், அப்பா கிழிசல் தைக்கிறவர், பதினோரு பிள்ளைங்கள்ல பத்தாவது. ஊர் மதகுருவ வரையப் போக, அவர் மகன் அடிச்சு நொறுக்க, நஷ்டஈடா வந்த 25 ரூபிளை வச்சுத்தான் பையன் ஊரவிட்டுக் கிளம்பினான்னு.

கதைய அப்படியே வச்சுக்கோங்க, ஆனா அந்தப் பொது விதி நிக்காது. கிழக்கு ஐரோப்பாவுல மரத்துல கட்டின யூத ஜெபக்கூடங்கள்ல சுவர்லேர்ந்து கூரை வரைக்கும் சிங்கம், பறவை, கொடி, ராசிச் சின்னம்னு வரைஞ்சு தள்ளியிருக்காங்க. மொகிலெவ் ஜெபக்கூடத்து ஓவியத்தை எல் லிஸிட்ஸ்கின்னு ஒரு யூத ஓவியர் நேர்ல போய் நகல் எடுத்திருக்கார். அதை வரைஞ்ச சகால்காரர் தன் மூதாதைன்னு ஷகால் பெருமையடிச்சுக்குவார். கல்லறைக் கல்லுல கூட சிங்கம் செதுக்கியிருப்பாங்க. ஷகால் வீட்டிலேர்ந்து நடக்கிற தூரத்துல, வீதெப்ஸ்க்லயே, யெஹுடா பென்னுன்னு ஒரு வாத்தியார் ஓவியப் பள்ளி நடத்திட்டு இருந்தார், மாணவர்களும் பெரும்பாலும் யூதப் பசங்கதான். அதனால படமே பாக்காதவங்கன்னு சொல்லாதீங்க. அவங்களுக்குப் புதுசா கிடைச்சது லூவர் மியூசியம். அது வேற விஷயம்.

மோடிக்லியானிய இந்தக் கணக்குல சேக்கவே கூடாது. இத்தாலியில லிவோர்னோ, செஃபார்டிக், அதாவது ஸ்பெயின் வழி வந்த யூதக் குடும்பம், நொடிச்சுப் போனாலும் படிச்ச வீடு, அம்மா தயவுல பிரெஞ்சு சரளம். 1906ல வந்தவர். சூட்டினோட நல்ல சிநேகம், வியாபாரி ஸ்பொரொவ்ஸ்கி வீட்டுக் கதவுலயே சூட்டின வரைஞ்சு வச்சார். வாடகை வீட்டுக் கதவா இருந்திருந்தா அட்வான்ஸ் போயிருக்கும்.

10 ஜனவரி, மதியம் 2.30

மேல சகால்காரர்னு அடிச்சிருக்கேன், அது செகால். ஹாயிம் செகால். ஷகால்னு அடிக்கப் போனா என் போன் சகலைன்னு மாத்துது. நேத்து குடும்ப குரூப்ல சகலையோட ஓவியம் பிரமாதம்னு போட்டு, என் சகலை போன் பண்ணி எந்த ஓவியம்னு கேட்டார்.

13 ஜனவரி, இரவு 11.50

தம்பி, கால்வாசின்னு சொன்னேன்ல, அது இப்ப பெருசாயிடுச்சு. வருஷத்தை வரிசையா எழுதிப் பாத்தேன்.

1922 கடைசி, 1923 ஆரம்பம்: ஆல்பர்ட் பார்ன்ஸ்னு ஒரு அமெரிக்கர், கண்ணு மருந்துல பணம் பண்ணவர், பாரீஸ்ல பால் கியோம்னு ஒரு ஓவிய வியாபாரி கடையில சூட்டினோட ஒரு பேஸ்ட்ரிக்காரப் பையன் படத்தப் பாத்துட்டு மத்ததெல்லாம் எங்கன்னு கேட்டு அம்பதுக்கு மேல ஒரே மூச்சுல வாங்கிட்டார். கையில பணம் வந்ததும் சூட்டின் தெருவுல டாக்ஸியப் பிடிச்சு நேரா தெற்குக் கடற்கரைக்கே போகச் சொன்னார்னு ஒரு கதை. அதுக்கப்புறம் நல்ல சூட்டு, தொப்பி, வியாபாரி கார்ல சவாரி.

மாட்டுச் சடலம் வரைஞ்சது 1925.

பாத்தீங்களா? பசி தீர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சு. காசு கொடுத்து முழு மாட்டையே வாங்கி, சேன் கோதார் தெரு ஸ்டுடியோவுல தொங்கவிட்டு, காஞ்சு நெறம் மாற ஆரம்பிச்சதும் பக்கெட்ல ரத்தம் வரவழைச்சு மேல ஊத்தி ஊத்தி வரைஞ்சிருக்கார். நாத்தம் தாங்காம அக்கம்பக்கம் புகார், சுகாதாரத்துறை ஆளுங்க வந்து நின்னாங்க. தூக்கிட்டுப் போகாம, அழுகாம இருக்க மருந்து ஊசி போடக் கத்துக்கொடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்வாங்க. பஞ்சத்துல இருக்கிறவன் ஒரு மாட்டை இப்படி வீணாக்க முடியுமா? எங்க தெருமுனை பாய் கடையில ஆட்டுத்தொடை மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க, மதியத்துக்கு மேல கறி கறுத்துப்போயிரும்னு. அது வியாபாரம். இவர் தெளிச்சது நெறத்துக்காக.

சரி, பசி இல்லேன்னா என்ன? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. ஒண்ணு அல்சர். வயித்து வலி இளமையிலேர்ந்தே உண்டு, காசு வந்தப்புறமும் கறிய வாய்ல வைக்க முடியாத ஆளு. இன்னொண்ணு லூவர். அங்க ரெம்ப்ராண்ட் 1655ல வரைஞ்ச அறுத்த மாடு ஒண்ணு தொங்குது, சின்னப் படம்தான், சூட்டின் அதையே திரும்பத் திரும்பப் போய்ப் பாத்திருக்கார். சார்டினோட திருக்கை மீனையும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கார். அப்ப யூத பாணின்னு நீங்க சொல்றதுக்கு அடியில டச்சுக்காரர் ஒருத்தரும் பிரெஞ்சுக்காரர் ஒருத்தரும் உக்காந்திருக்காங்க.

இன்னொண்ணும் இருக்கு. நிஜமாவே பஞ்சத்துல தெற்கு பிரான்ஸ்ல செரெ ஊர்ல வரைஞ்ச நிலக்காட்சிங்க, வீடெல்லாம் சாய்ஞ்சு மலையே வாந்தி எடுக்கிற மாதிரி இருக்குமே, அதைப் பின்னாடி அவரே வெறுத்து, தேடித் தேடித் திரும்ப வாங்கிக் கிழிச்சுப் போட்டார். பசி வரைஞ்ச படத்தை அவரே ஏத்துக்கல.

14 ஜனவரி, காலை 7.15

என் பழைய போஸ்ட்ல பசியில இருக்கிறவன் மாட்டத்தான் வரைவான்னு எழுதினதை அழிக்கச் சொல்றீங்க. அழிக்க மாட்டேன், இருக்கட்டும், நான் எங்க வழுக்கினேன்னு தெரியட்டும்.

14 ஜனவரி, இரவு 9.40

டீச்சரம்மா பொம்பளைங்க யாருமே இல்லையா இந்த லிஸ்ட்லன்னு கேட்டு ரெண்டு நாளாச்சு. இருக்காங்கம்மா. சோனியா டெலோனே, உக்ரைன் பக்கம் பிறந்து, பீட்டர்ஸ்பர்க்ல பணக்கார வக்கீல் மாமா வீட்டுல வளந்தவங்க. பசிக் கணக்குல இவங்களும் வர மாட்டாங்க. 1911ல மகன் பிறந்தப்ப உக்ரைன் கிராமத்து வீடுகள்ல பாத்த மாதிரி துண்டுத் துணிங்களச் சேத்துத் தச்சு தொட்டில் பிள்ளைக்கு ஒரு போர்வை பண்ணாங்க. பாத்தவங்க இது க்யூபிசம், அதான் உருவத்தத் துண்டு துண்டா உடைச்சு வரையிற பாணி, அது மாதிரி இருக்கேன்னாங்க, அதுலேர்ந்துதான் அவங்க துணி, உடை, ஓவியம் எல்லாம் நூல் பிடிச்சுப் போகுது. அந்தப் போர்வை இப்ப பாரீஸ் தேசிய நவீனக் கலை மியூசியத்துல ஃப்ரேம் போட்டு இருக்கு. எங்க ஆத்தா தச்ச ஒட்டுத்துணி விரிப்பு நாய்க்குப் போச்சு.

இன்னொருத்தர் ஹானா ஓர்லோஃப், தையல் வேலை பாத்துட்டு 1910ல பாரீஸ் வந்து சிற்பியானவங்க. 1942ல தப்பிச்சு ஸ்விட்சர்லாந்து போனாங்க, போர் முடிஞ்சு வந்து பாத்தா ஸ்டுடியோவச் சூறையாடியிருந்தாங்க. தன் மகனையே மரத்துல செதுக்கின சிலை குடும்பத்துக்குத் திரும்பினது 2023ல. அவங்க செத்தே அம்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு.

17 ஜனவரி, இரவு 10.30

இந்த வெளியூர் ஓவியர் கூட்டத்துக்குப் பாரீஸ் பள்ளின்னு பேரு வச்சதே இவங்களத் தள்ளி வைக்கத்தான். 1924ல சுதந்திர ஓவியர்கள் கண்காட்சியில படங்கள நாட்டுவாரியா பிரிச்சு மாட்டினாங்க, அதுவரைக்கும் அப்படி இல்ல. பல வருஷம் அங்கயே இருந்தவங்களும் திடீர்னு ரஷ்யா, போலந்துன்னு தனி ரூமுக்குப் போனாங்க. பெரிய சண்டை. அதுக்கப்புறம் பிரெஞ்சுப் பள்ளின்னா சொந்தப் பிள்ளைங்க, பாரீஸ் பள்ளின்னா வந்தேறிங்கன்னு பேச்சு ஆயிப்போச்சு. கமீய் மோக்ளேர்னு ஒரு விமர்சகர் இவங்கள வச்சு வசவாவே எழுதினார்.

18 ஜனவரி, காலை 8.00

திருத்தம். பேரு வச்ச ஆந்த்ரே வார்னோ, 1925ல, இவங்களுக்கு ஆதரவாத்தான் வச்சார். பாரீஸுக்குப் பெருமையே இந்த வெளியூர்க்காரங்கன்னு சொல்ல வந்த மனுஷன். அதைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டவங்க வேற ஆளுங்க. நேத்து முதல் வரிய அவசரத்துல எழுதிட்டேன்.

21 ஜனவரி, இரவு 11.35

ஐரோப்பா எடுத்துக்கிட்டதும் அதைத்தான்னு கேள்வியில இருக்கே, எங்கய்யா அந்தப் பாதிப்புன்னு ஒரு ஐயா கடுப்பாயிட்டார். நியாயம்.

பெயிண்டே சதையாகுறது. இதுதான் சூட்டின்கிட்டேர்ந்து போன விஷயம்னு நெனக்கிறேன். நியூயார்க்ல 1950ல சூட்டினுக்குப் பெரிய கண்காட்சி நடந்துச்சு, அங்க இருந்த ஓவியர் டி கூனிங் 1952ல பார்ன்ஸோட சேகரிப்புக்கே போய் சூட்டின்கள நேர்ல பாத்தார். லண்டன்ல ஃப்ரான்சிஸ் பேக்கன்னு ஒரு ஓவியர் உருவத்துக்குப் பின்னாடி மாட்டு விலாவ மாட்டி வச்சார். அது ரெம்ப்ராண்டுக்கு எவ்வளவு, சூட்டினுக்கு எவ்வளவுன்னு பிரிக்க நான் ஆள் இல்ல.

ஆனா லண்டன்ல ஒரு தனிக் கிளை ஓடுது, அது எனக்கு இன்னும் நெருக்கம். டேவிட் பாம்பர்க், போலந்துலேர்ந்து வந்த தோல் வேலைக்காரர் மகன், வளந்தது வைட்சேப்பல். யூதச் சங்கம் ஒண்ணு கொடுத்த பண உதவியில ஸ்லேட் ஓவியப் பள்ளி போனார். 1914ல பிரிக் லேன் யூத நீராவிக் குளிப்பறைய வச்சு ஒரு படம், சிவப்புத் தரையில நீலமும் வெள்ளையுமா மனுஷங்க மடக்குக்கத்தி மாதிரி மடங்கி நிப்பாங்க. கண்காட்சிக்கு வெளிய தெருச் சுவத்துலயே மாட்டினாங்க அதை. அப்புறம் போருக்குப் போய் வந்து ஆளே மாறிட்டார், யாரும் சீண்டல. 1945லேர்ந்து 1953 வரைக்கும் பரோ பாலிடெக்னிக்ல பகுதிநேர வாத்தியார். 1957ல காசில்லாமத்தான் செத்தார்.

அந்த க்ளாஸ்ல உக்காந்த ரெண்டு பேரு லியான் கோஸாஃப், ஃப்ராங்க் அவர்பாக். கோஸாஃப் உக்ரைன்லேர்ந்து வந்த குடும்பம், லண்டன்ல பிறந்தவர். அவர்பாக் பெர்லின்ல பிறந்து 1939 ஏப்ரல்ல, எட்டு வயசு நெறையறதுக்குச் சில வாரம் முன்னாடி, தனியா இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. அம்மா பெட்டி கட்டுறப்ப, இப்ப போடுறதுக்குத் துணி, பெரியவனானா வேணும்னு விரிப்பு, மேசைத்துணின்னு வச்சு, பின்னாடிக்குன்னு வச்சதுல மூலையில சிவப்பு நூல்ல குறி போட்டு அனுப்பினாங்க. அப்பா அம்மா ஆஷ்விட்ஸ் நாஜி முகாம்ல போயிட்டாங்க. அவர் 1954லேர்ந்து கேம்டன்ல ஒரே ஸ்டுடியோ, அதே சில ஆளுங்க வாராவாரம் வந்து உக்காருவாங்க, வரைவார், பிடிக்கலேன்னா மொத்தமா சுரண்டி எடுத்துட்டு அடுத்த தடவை மறுபடி முதல்லேர்ந்து. 2024 நவம்பர்ல இறந்தார், 93 வயசு.

நாங்க ப்ரூஃப் பிடிக்கலேன்னா பிளேட்டையே கழுவி மறுபடி போடுவோம், மொதலாளி பேப்பர் கணக்கு கேட்டுக் கத்துவார். நாப்பது அம்பது தடவை சுரண்டினவருக்கு எவ்வளவு பெயிண்ட் ஆயிருக்கும்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. புத்தி தொழில்லதான் போகுது.

22 ஜனவரி, காலை 6.30

பாம்பர்க் குடியேறினவர்னு சொன்னா அடிப்பீங்க. பிறந்தது பர்மிங்ஹாம். அப்பா அம்மாதான் வந்தவங்க. லண்டன் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட எங்கன்னு நாலு பேர் கேக்குறீங்க, அவருக்குத் தனி இழை போடுங்க, தாத்தா சிக்மண்ட் ஃப்ராய்ட் பேரைச் சொன்னாலே பேச்சு வேற எங்கயோ போயிடும்.

26 ஜனவரி, இரவு 10.15

தம்பி இன்னும் யூத பாணிய விடல. பிடிவாதம் பிடிச்சிருக்கு, அதனால இது.

யூத பாணின்னு ஒண்ணு இருக்குன்னு ரொம்ப உறுதியா நம்பினவங்க நாஜிங்கதான். 1937ல மியூனிக்ல சீரழிந்த கலைன்னு கண்காட்சி போட்டாங்க, அதோட கையேட்டு அட்டையில இருக்கிற தலைச் சிலை ஓட்டோ ஃப்ராய்ண்ட்லிஹோடது, பாரீஸ்ல வாழ்ந்த ஜெர்மன் யூதர். ஆனா அந்தக் கண்காட்சியில இருந்த 112 பேர்ல யூதர்கள் 6 பேருதான். இத்தனை வெறியோட தேடினவங்களுக்கே அவ்வளவுதான் அகப்பட்டுச்சு. ஃப்ராய்ண்ட்லிஹ 1943ல முகாமுக்கு அனுப்பிக் கொன்னாங்க.

சூட்டின் பதுங்கி பதுங்கி ஷீனோன் பக்கம் ஒரு கிராமத்துல இருந்தார். அதே அல்சர் உள்ள வெடிச்சு, சோதனைச்சாவடிக்குப் பயந்து சுத்தி சுத்தி பாரீஸ் கொண்டு வந்து ஆபரேஷன் பண்ணி, 1943 ஆகஸ்ட் 9 அன்னைக்கு முடிஞ்சுபோச்சு. ஷகால் 1941லயே அமெரிக்கா போயிட்டார், லிப்ஷிட்ஸும். ஷகால் திரும்பி வந்து 1964ல பாரீஸ் ஆப்பரா கூரையே வரைஞ்சார், ரேம்ஸ் தேவாலயத்துக்குக் கண்ணாடி சன்னல் செஞ்சார். சூட்டினுக்கு மோன்பர்னாஸ்ல ஒரு கல்லறை.

உங்க கேள்வியில எதை ஒத்துக்கிறேன்னு கேட்டா, விரட்டல் இருந்துச்சு. அது படத்துல எங்க இருக்குன்னு என்னால விரல் வச்சுக் காட்ட முடியல, அவர்பாக்கோட சுரண்டல்ல இருக்கலாம்னு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. நாளைக்கு மாத்திச் சொன்னாலும் சொல்வேன்.

27 ஜனவரி, காலை 7.50

பாரீஸ்ல இருக்கிற அண்ணன் ஒருத்தர் திருத்தியிருக்கார். பார்க் வாசல்ல காளை ஒண்ணு இல்ல, ரெண்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. பழைய போட்டோவ எடுத்துப் பாத்தேன். எங்க மாப்பிள்ளை ஐஸ்கிரீமோட நடுவுல நிக்கிறார், இன்னொரு காளை அவருக்குப் பின்னாடி. கொம்பு மட்டும் தெரியுது.